அண்ணி அசையவில்லை

அண்ணனுக்குக் கண்காட்சிக்காகப் பத்து ஜோடிப் புகைப்படங்கள் தேவைப்பட்டன. ஒரு பாதியில் பாதுகாக்கப்பட்ட மலை, மறுபாதியில் அந்த மலையின் ஆறு கடலில் போய்ச் சேரும் சேற்றுக்கரை. பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் மலைமுகடு அப்படியே நீர்விளிம்பாக ஓட வேண்டும். ஒன்பது முடிந்திருந்தது. பத்தாவதின் மலைப்பாதியில் சிவப்புச் சால்வையோடு அண்ணி ஒரு புள்ளியாக நின்றாள். மலை எவ்வளவு பெரிது என்று தெரிய ஓர் ஆள் வேண்டுமாம். கரையிலும் அவளேதான் நிற்க வேண்டும்.

முகட்டை ஒளிபுகும் தாளில் வரைந்து கேமராவின் பின்கண்ணாடியில் ஒட்டுவது என் வேலை. அந்தக் கண்ணாடியில் காட்சி தலைகீழாகத் தெரியும். இடம் வலமும் மாறியிருக்கும். அன்று தாளை மேல்கீழாகப் புரட்டி ஒட்டினேன். இடம் வலத்தை மறந்துபோனேன்.

கடல் வடிந்தது. நீர்விளிம்பு கோட்டோடு பொருந்தவே இல்லை. அண்ணி தப்பான இடத்தில் நிற்பதால்தான் கெட்டது என்று அண்ணன் அவளை அங்கும் இங்கும் நகரச் சொன்னான். பிறகு நீர் திரும்பி வரும்வரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டான். மூன்று மணி நேரம்.

"என்னங்க, முட்டி வரைக்கும் சேத்துல இறங்கிருச்சு. கால எடுக்க முடியல."

"அசையாத. உன் மூஞ்சிய யாரும் பாக்கப் போறதில்ல."

நீர் ஏறத் தொடங்கியதும் இன்னும் நன்றாகத் திட்டுவதற்காக அவன் சேற்றின் ஓரம் வரை போனான். நான் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். தப்பு என்னுடையது. போன வருடம் ஒரு பிலிமைக் கெடுத்ததற்கு விருந்தாளிகள் முன்னால் என்னை முட்டிபோட வைத்தவன் அவன். தாளைப் பிரித்து, இடம் வலமாகத் திருப்பி, சத்தமில்லாமல் ஒட்டினேன்.

அவன் வந்து பார்த்தான். கோடு கச்சிதமாகப் பொருந்தியது.

"பாத்தியா? நாலு திட்டு திட்டினாத்தான் சரியான இடத்துல நிக்கிறா."

அண்ணி ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்கவில்லை. ஒன்று எடுத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று. மேகம் விலகட்டும் என்று மூன்றாவதற்குக் காத்திருந்தான். அதற்குள் நீர் அவள் இடுப்பைத் தாண்டிவிட்டது. சிப்பி பொறுக்குகிறவர்கள் பலகை போட்டு, கயிறு கட்டி இழுத்தார்கள். ஆள் வெளியே வந்தாள். இடுப்பு மூட்டு நழுவிவிட்டது. ஆயுசுக்கும் கைத்தடி என்றார் டாக்டர்.

கண்காட்சியில் பத்தாவது ஜோடியின் முன்தான் கூட்டம். இவள் அசைந்துகொண்டே இருந்ததால்தான் அவ்வளவு நேரம் ஆனது என்று அண்ணன் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தான். அண்ணியும் சிரித்தாள்.

கூட்டம் நகர்ந்ததும் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு படத்தையே பார்த்தாள்.

"நான் ஒழுங்கா நின்னிருந்தா அன்னிக்குச் சீக்கிரமே முடிஞ்சிருக்கும் இல்ல பாப்பா? உங்கண்ணனையும் காக்க வெச்சு, எனக்கும் இப்படி ஆயி..."

"ஆமா அண்ணி" என்றேன். கீழே விழுந்திருந்த கைத்தடியை எடுத்துக் கொடுத்தேன்.