வானம் சாய்ந்த பக்கம்

அந்த வீட்டு மருமகளுக்கு மறதி வந்துவிட்டது. அதுவும் ஊர் உலகத்தில் யாருக்கும் வராத மாதிரி மறதி. மற்றவர்கள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் மறப்பார்கள். இவள் செய்து முடித்ததையே மறந்துபோனாள்.

விஷயம் இதுதான். அவள் வேலை பார்ப்பது மூக்குக் கண்ணாடிக் கடையில். வருகிற லென்ஸ்களைச் சட்டத்துக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்துவாள். மயிரிழை பிசகினாலும் அவளுக்கு ஆகாது. அந்த வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் இன்னும் நுணுக்கமான வேலை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொள்வாள். குறுக்குத் தையல் கிட். ஒரு சின்ன அட்டைப் பெட்டி வாங்கினால் உள்ளே எல்லாம் இருக்கும்: கட்டம் கட்டமாக நெய்த, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைத் துணி, முனை மழுங்கிய ஊசி, கலர் நூல்கள், எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டும் தாள். கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான் வித்தை. பெருக்கல் குறியாகப் போட்டுக்கொண்டே போனால் ஒரு நாள் கெட்டில் வரும், ஒரு நாள் பூனை வரும். இப்படிப் பதினொன்று முடித்து, சட்டம் போட்டு நடையில் மாட்டியிருந்தாள். பன்னிரண்டாவது, ஒரு கலங்கரை விளக்கமும் அதன் பின்னால் நீல வானமும்.

கலங்கரை விளக்கத்தைச் சிவப்பும் வெள்ளையுமாக ஒரே வாரத்தில் போட்டு முடித்தாள். வானம்தான் அவளுக்கு வேப்பங்காய். ஒரே நீலம், வரிசை வரிசையாக. பாதியில் கொட்டாவி வந்துவிடும். மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, போட்ட கட்டங்களைத் தாளில் பென்சிலால் அடித்துவிட்டு, எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடிவிட்டுச் சமைக்கப் போவாள். மறுநாள் திறந்தால் தாளில் அடித்ததைவிடத் துணியில் வானம் கீழ்ப்பக்கத்தில் ஒரு வரிசை கூடியிருக்கும். அதற்கு அடுத்த நாள் இன்னும் ஒன்றரை வரிசை.

"என்னங்க, நேத்து நான் எத்தனை வரிசை போட்டேன்?" என்று கணவனிடம் கேட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் பூராவும் மேலும் கீழும் போய்விட்டு வருகிறவன்.

"நீ ஊசியும் கையுமா இருந்தே. எண்ணச் சொல்லியிருந்தா எண்ணியிருப்பேன்."

"போட்டதே எனக்கு ஞாபகம் இல்லைங்க. ஆனா துணியில இருக்கு."

"வேலை தானா நடக்குதுன்னா சந்தோஷப்படு. எனக்கு ஒரு லிஃப்டாவது தானா சரியாகுதா?"

அவன் விளையாட்டாகச் சொன்னான். அவளுக்கு அது விளையாட்டாக இல்லை. கடையில் ஒருவர் கண்ணாடியை இன்னொருவர் சட்டத்தில் மாட்டிவிட்டால் என்ன ஆவது? திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், "டாக்டர்கிட்ட வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நேரம் வாங்கிட்டேன். தலையை ஒரு தடவை பாத்துடலாம்" என்றாள். அப்போது தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க்கொண்டிருந்த மாமனார் ஒரு நிமிடம் நின்றார். பிறகு போய்விட்டார்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு கீறல், ஒரு புகார் கிடையாது. ஒவ்வொரு கையும் முறம் அகலம் இருக்கும். ஓய்வு பெற்று, தனியாக இருந்த அறையைக் காலி செய்துவிட்டு இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. அந்த இரண்டு மாதத்தில் அவர் மருமகளிடம் பேசியதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். "ம்", "சரி", "வேண்டாம்மா". வந்த முதல் நாள் நடையில் மாட்டியிருந்த பதினொன்றையும் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு?" என்றார். அதுதான் நீளமான பேச்சு. அவளுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து அவளும் அளந்துதான் பேசினாள். அவர் தன் அறை ஜன்னலில் உட்கார்ந்து, தெருமுனையில் பஸ்கள் திரும்புவதைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிடுவார்.

ஆனால் ஒன்று. அவள் வேலையிலிருந்து வந்து மணியை அழுத்தக் கை தூக்குவதற்குள் கதவு திறக்கும். படியில் கேட்கும் செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். திறந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவார். பூட்டிய வீட்டுக்கே வந்து பழகியவளுக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம் அவர் வந்து, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை நான் கிளம்பறேம்மா. பழைய ரூம் இன்னும் காலியாத்தான் இருக்காம்."

அவள் "ஏன் மாமா?" என்று கேட்பதற்குள் அறைக் கதவு சாத்திக்கொண்டது. வழியெல்லாம் அதே யோசனை. தலை சரியில்லாத மருமகளிடம் இருக்க மனுஷனுக்குப் பயம் வந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். கணவன் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா வந்ததிலிருந்து அவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அது போய்விட்டது.

புதன்கிழமை மதியம் கடையில் கூட்டமில்லை. பிஸ்கட் டப்பாவைக் கையோடு கொண்டு போயிருந்தாள். எத்தனை கட்டம் ஞாபகமில்லாமல் போட்டிருக்கிறோம் என்று எண்ணி டாக்டரிடம் சொல்ல வேண்டுமே. கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற விளக்கை ஏற்றி, அதன் கீழே துணியைச் சாய்த்துப் பிடித்தாள்.

வானம் இரண்டாகத் தெரிந்தது.

ஒரே நூல், ஒரே நீலம். ஆனால் மேலே பத்து வரிசை ஒரு மாதிரி மினுங்கியது, கீழே எட்டு வரிசை வேறு மாதிரி மினுங்கியது. உருப்பெருக்கியை எடுத்து வைத்துப் பார்த்தாள். பெருக்கல் குறிக்கு இரண்டு கால். அடியில் ஒன்று, மேலே ஒன்று. மேல் கால் எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாய வேண்டும் என்று கிட்டின் தாளிலேயே போட்டிருக்கும். அவளுடைய மேல் கால்கள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்தவை. தூக்கத்தில் போட்டாலும் அப்படித்தான் போடுவாள். இந்த எட்டு வரிசையும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. துணியைத் திருப்பினாள். பின்பக்கத்தில் ஒரு முடிச்சு இல்லை, ஒரு பிசிறு இல்லை. அவளுடையதைவிடச் சுத்தம். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறதியும் இல்லை, மண்ணும் இல்லை. வீட்டில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்!

சாயங்காலம் கணவன் உள்ளே வந்ததும் பழைய துணி ஒன்றையும் ஊசியையும் நீட்டினாள். "ஒரு பெருக்கல் குறி போடுங்க."

"நான் இப்பதான் வந்தேன்..."

"போடுங்கன்னா போடுங்க."

அவன் லிஃப்டுக் கம்பியை இழுக்கிற மாதிரி நூலை இழுத்தான். துணி சுருங்கி மூட்டையாயிற்று. சாய்வோ வலப்பக்கம். அவன் இல்லை. திருடனுக்கு இருக்கிற திறமையும் அவனுக்கு இல்லை. இடது கையால் போட்டால் சாய்வு மாறி விழும் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

"நம்ம வீட்டுல இடது கைக்காரங்க யாரு?" என்று மெல்லக் கேட்டாள்.

"அப்பாதான்." அவன் அவளை வியப்பாகப் பார்த்தான். "உனக்குத் தெரியாதா?"

தெரியாது. ஒரே கூரையின் கீழ் இரண்டு மாதம். மனுஷன் எந்தக் கையால் சாப்பிடுகிறார் என்று தெரியாது. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள் மாமா என்று அவள் ஒரு நாளாவது சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாத வெட்கம். கூடவே மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபட்டது. திங்கட்கிழமை டாக்டர் பேச்சு. செவ்வாய்க்கிழமை கிளம்புகிற பேச்சு. அவர் பயந்தது அவள் தலையைப் பார்த்து இல்லை, தன் கைவேலையை நினைத்து.

விஷயத்தைக் கேட்ட கணவன் சிரித்துக்கொண்டே, "அப்பா!" என்று கூப்பிட வாயெடுத்தான். அவள் அவன் வாயைப் பொத்தினாள்.

"சும்மா இருங்க. இத்தனை வருஷம் ஒரு புகார் வாங்காத மனுஷன். மருமக டப்பாவைத் திறந்து மாட்டிக்கிட்டார்னு ஆனா ஞாயித்துக்கிழமை வரைக்கும்கூட இருக்க மாட்டார்."

"அப்ப என்ன பண்றது?"

வியாழக்கிழமை மாலை டப்பாவைத் திறந்து துணியைச் சாய்த்துப் பார்த்தாள். இப்படியே விட்டால் வானம் ஆயுசுக்கும் இரண்டாகத்தான் மினுங்கும். நடையில் போகிற வருகிற போதெல்லாம் கண்ணை உறுத்தும். சின்னக் கத்திரியை எடுத்தாள். கை தானாக அந்த எட்டு வரிசைப் பக்கம் போயிற்று. தப்பாகச் சாய்ந்தது அதுதானே? முதல் கட்டத்தில் கத்திரி முனையை நுழைத்தவள், அங்கேயே நிறுத்தினாள். அந்த முறத்துக் கைகள் இந்தக் குட்டி ஊசியை எப்படிப் பிடித்திருக்கும்?

கத்திரியை மேலே கொண்டு போய், தான் போட்ட வானத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

பிரிப்பது என்றால் அவளுக்கு உயிர் போகும். அதுவும் சரியாகப் போட்டதைப் பிரிப்பது. பல்லைக் கடித்துக்கொண்டு பத்து வரிசையையும் பிரித்தாள். நல்லவேளையாகக் கிட்டில் நீலம் கொஞ்சம் தாராளமாகவே வைத்திருந்தார்கள். பிறகு புதிதாக, மேல் கால் இடப்பக்கம் சாய, ஐந்து வரிசை போட்டாள். மூன்று இடத்தில் பழக்க தோஷத்தில் மாறிப்போய்த் திரும்பப் பிரித்தாள். மீதியை அப்படியே விட்டு, ஊசியில் நூல் கோத்து, இடது கைக்கு வாகாக ஓரத்தில் குத்தி வைத்து டப்பாவை மூடினாள். புரிந்துகொள்கிறவர் புரிந்துகொள்ளட்டும்.

வெள்ளிக்கிழமை கடையில் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. மாலையில் படியேறும்போது வேண்டுமென்றே செருப்பை ஓங்கி ஓங்கி வைத்தாள். கதவு திறக்கவில்லை. மணியை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். கடைசியில் பையைத் துழாவிச் சாவியை எடுத்து அவளே திறந்தாள்.

மாமனார் அறையில் இல்லை. ஆணியில் தொங்கும் அவருடைய காக்கிப் பையும் இல்லை.

டப்பாவைத் திறந்தாள். வானம் முழுசாக இருந்தது. மேலிருந்து கீழ்வரை, ஒரு கட்டம் பாக்கியில்லாமல், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து ஒரே மாதிரி மினுங்கியது. தாளில் அத்தனை கட்டமும் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது. இதுவரை அவர் தாளைத் தொட்டதே இல்லை. முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஞாயிறு வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. பிரித்திருக்கக் கூடாது, வாயைத் திறந்து பேசியிருக்க வேண்டும் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து நன்றாகவே அழுதாள்.

மணி அடித்தது.

கதவைத் திறந்தால் மாமனார். வியர்த்து விறுவிறுத்து, தோளில் காக்கிப் பை, அதற்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு நீளமான அட்டைப் பெட்டி.

"ரெண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருந்துச்சு" என்றார். "திரும்பி வர்ற பஸ்காரனுக்குப் பிரேக் போடவே தெரியல." பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "அழுதியா?"

"இல்ல மாமா. உங்க பையைக் காணோம்..."

அவர் உள்ளே வந்து, வழக்கம்போல அறைக்குப் போகாமல், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். திருதிருவென்று விழித்தார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்:

"டாக்டருக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடும்மா. உன் மறதி நாந்தான். பொழுது போகல. எப்படித்தான் போடறாங்கன்னு பாக்கலாம்னு மூணு கட்டம் போட்டேன். அப்புறம் நிறுத்த முடியல. சொல்லிடலாம்னு தினம் நெனைப்பேன், வாய் வராது. நீ தலையைப் பாக்கணும்னு சொன்னதும் என்னால தாங்க முடியல. நான் போயிட்டா உன் மறதி தானா சரியாயிடும்னு நெனைச்சேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அன்னைக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேட்டீங்களே மாமா?"

"தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். நீ ஒண்ணும் சொல்லலையே."

சொல்லவில்லைதான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பெட்டியை மேஜைமேல் தூக்கி வைத்தார்.

"நீ போட்டதையே பிரிச்சிருக்கே. என்னதைப் பிரிக்கல. காலையில பாத்ததும் எனக்கு..." பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். "அதான் போய் வாங்கிட்டு வந்தேன். சின்னதெல்லாம் சீக்கிரம் முடிஞ்சு போயிடுதும்மா."

பெட்டியின் மேலே படம். ஒரு மலைப்பாதை, அதன் வளைவில் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு பஸ், மீதி முக்கால்வாசி வானம். விரித்தால் மேஜையை மூடிவிடும். நாற்பதாயிரம் கட்டம் என்று போட்டிருந்தது.

"கடைக்காரன்கிட்ட விசாரிச்சேன். எப்படியும் ரெண்டு வருஷம் பிடிக்குமாம்" என்றார் பெருமையாக.

"ஒருத்தர் போட்டாத்தான் மாமா. நாம ரெண்டு பேரு. ஒரே வருஷத்துல முடிச்சிடலாம்."

அவர் முகம் வாடிப்போயிற்று. பெட்டியைத் தன் பக்கம் இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைவிடப் பெரிசு ஒண்ணு இருந்துச்சு" என்றார் தயங்கித் தயங்கி. "கடை எட்டு மணி வரைக்கும் இருக்கும். போய் மாத்திட்டு வந்துடட்டுமா?"

"வேண்டாம் மாமா" என்றாள் மருமகள், அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "நான் மெதுவாப் போடறேன்."