இருபது செகண்டு மூச்சு

உலகத்தையே ‘ஆடாதீங்க, அசையாதீங்க’ என்று அதட்டிச் சம்பளம் வாங்கும் கிளாட்வினால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார முடியாது. லாஸ்பேட்டை ஸ்கேன் சென்டரில் அவனுடைய வலது கால் தனியாக ஒரு டூட்டி பார்த்துக்கொண்டிருக்கும்.

2007 ஜூலையில் ஒரு நாள் காலையில் அந்தக் கால் ஆட்டத்தை நிறுத்தவேயில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் வீராம்பட்டினத்து மீனவர் தெய்வசிகாமணி. கழுத்தில் இடப்பக்க ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கை இரண்டு தடவை மரத்துப்போயிருந்தது. மூச்சை அடக்கினால் மூளைக்குக் கூடுதல் ரத்தம் பாய வேண்டும். அது கொண்டுவரும் பிராணவாயுவில் செலவானது போக மிச்சம் எவ்வளவு என்று காந்தம் படம் போட்டுவிடும். அடைத்த பக்கம் பாயவில்லையென்றால் ஆபரேஷன், கடலும் கிடையாது.

இருபது செகண்டு அடக்கி, மணி அடித்ததும் விட வேண்டும். ஆறு தடவை. அவ்வளவுதான்.

மணி அடித்தது. அவர் விடவில்லை. வயிற்றில் கட்டிய பட்டை காட்டும் மூச்சுக்கோடு திரையில் செத்த பாம்பாகக் கிடந்தது. நாற்பது. ஐம்பது. கிளாட்வினுக்கு இங்கே மூச்சு முட்டியது.

“விடுங்கண்ணே!” என்று மைக்கில் அலறினான்.

“எவ்ளோ தம்பி?”

“எழுபது!”

“இன்னும் தாங்குவேன். போட்டுக்கு அடியில வல மாட்டுனா நான்தான் முங்கி அறுக்கறது. பாஸுன்னு எழுதிக்கோ.”

அடுத்த தடவை எண்பது. கிளாட்வின் உள்ளே ஓடினான்; காந்த அறைக்குள் இரும்புக் கொக்கி பெல்ட்டோடு நுழையப்போய், திரும்பி வந்து கழற்றி, பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓடினான்.

“இது பரீட்ச இல்லண்ணே. இருபதுன்னா இருபது. அப்பதான் ரத்தம் ஓடுதான்னு தெரியும்.”

“ஓடலன்னா கடலுக்கு வுடமாட்டாங்க. இல்ல?”

கிளாட்வின் நழுவப்போன பேண்ட்டை இழுத்துப் பிடித்தான்.

“டாக்டர்தான் சொல்லணும்.”

“அப்ப நான் ஒழுங்கா செஞ்சாதான் மாட்டுவேன்.”

“செய்யலன்னா, பக்கவாதம் வந்தப்புறம்தான் தெரியும்ணே.”

தெய்வசிகாமணி வலது கை விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார்.

“அதுவும் நடுக்கடல்ல வந்துதுன்னா, கூட வர்றவனுங்க பாவம். போ, மணிய அடி.”

ஆறு தடவையும் செகண்டு பிசகவில்லை. படம் விழுந்தது. மூளையின் வலப்பக்கம் முழுக்க மஞ்சளும் சிவப்புமாக எரிந்தது. இடப்பக்கம், கரண்ட் போன தெரு.

“தம்பி, இந்த வாட்டி சரியா பண்ணேனா?”

டாக்டர் பார்க்கும்முன் வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

“ரொம்பச் சரியா பண்ணீங்கண்ணே.”

“அப்புறம் ஏன் உன் கொரலு எறங்கிப்போச்சி?”

கிளாட்வின் மைக்கை அணைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு அவரிடம் போனான்.