பன்னிரண்டு முட்டை

மூன்றாவது தடவையும் உருண்டைகள் பிரிந்துபோயின. கொதிக்கிற தண்ணீரில் போட்ட மறுநிமிடமே ஓரம் கரைந்து, நுரை கட்டி, பாத்திரம் முழுக்க மஞ்சள் கூழாகிவிட்டது. குட்டி கரண்டியை அதற்குள்ளேயே போட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"என்னாச்சு?" எதிர் அறையிலிருந்து அப்பா கேட்டார். நாலு நாளாகச் சோறு தண்ணீர் இறங்காத மனிதருக்குக் காது மட்டும் பழுதில்லாமல் இருந்தது.

"ஒண்ணும் ஆகலப்பா."

"கரைஞ்சிடுச்சா?"

"ஆமா."

"முட்டை பத்தல" என்றார் அப்பா. அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

குட்டிக்கு நாற்பத்து மூன்று வயது. சலவைக்கடையில் ஆறு பேரை வேலை வாங்குகிறவள், பத்து வயதுப் பையனுக்கு அம்மா. இருந்தும் இந்த வீட்டில் அவள் குட்டிதான். காலையில் வந்து பார்த்த நர்ஸ் அவளை வாசல் வரை அழைத்துப்போய், "இன்னிக்கு ராத்திரி தாண்டறது கஷ்டம். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தால், அப்பா கேட்டது தண்ணீரும் இல்லை, மாத்திரையும் இல்லை. "கெண்டைத் தூண்டிலுக்கு உருண்டை போட்டு வை. ஞாயித்துக்கிழமைக்கு வேணும்."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மறுத்துப் பேச அவளுக்கு மனம் வரவில்லை. பரணிலிருந்து டப்பாக்களை இறக்கினாள். ரவை, மக்காச்சோள மாவு, பொடித்த கடலைப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள். எது எவ்வளவு என்று அப்பா படுத்தபடியே விரலைக் காட்டி அளவு சொன்னார். லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தைந்து வருஷம் திருகாணி எண்ணிய விரல்கள் அவை, அளவில் தப்பாது. எல்லாவற்றையும் சொன்னவர், முட்டை எத்தனை என்று கேட்டபோது மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

முட்டைக் கணக்கு அவரிடம் இல்லை. அது சித்தப்பாவிடம் இருந்தது.

அண்ணன் தம்பி இருவருக்கும் அப்படி ஓர் ஏற்பாடு. காய்ந்த சாமானெல்லாம் அண்ணன் பொறுப்பு. முட்டை, தேன், சோம்பு எண்ணெய் என்று ஈரமான சாமானெல்லாம் தம்பி பொறுப்பு. ஒருவர் பாதியை இன்னொருவர் கேட்பதும் இல்லை, எட்டிப் பார்ப்பதும் இல்லை. இரண்டும் சேர்ந்து பிசைந்து, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, இரண்டு நிமிடம் வேகவைத்து, துணியில் உலர்த்தி எடுத்தால் அந்த ஏரியில் அதை வேண்டாம் என்று சொன்ன கெண்டை கிடையாது. இருபது வருஷம் இப்படித்தான் நடந்தது. பிறகு ஒன்பது வருஷமாக நடக்கவில்லை.

காரணம் ஒரு போட்டி. ஏரிக்கரையில் வருஷா வருஷம் நடக்கிற மீன்பிடிப் போட்டியில் அந்த வருஷம் இவர்களுக்கு ஆறு மணி நேரம் ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. கடைசியில் தூண்டிலை இழுத்துப் பார்த்தால் வெறும் முள். பெட்டியில் மிச்சமிருந்த உருண்டை ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் பொலபொலவென்று உதிர்ந்தது. அவ்வளவு பேர் முன்னால் அண்ணன், "முட்டையில கஞ்சத்தனம் பண்ணியிருக்கான்" என்றார். "உன் மாவு புழுத்த மாவு" என்றார் தம்பி. அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு பேருமே நிறுத்துகிற ஜாதி இல்லை. சின்ன வயசுச் சட்டையிலிருந்து அம்மாவின் கடைசி நாட்கள் வரை எல்லாம் கரையில் வந்து விழுந்தன. இனி உன் வாசலை மிதித்தால் என்னைச் செருப்பால் அடி என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா சைக்கிளை எடுத்தார். பத்துத் தெரு தள்ளியிருக்கிற வீடு, ஒன்பது வருஷம் வெளிநாடாகிப் போனது.

முட்டையும் குற்றவாளி இல்லை, மாவும் இல்லை என்பது குட்டிக்கு மட்டும் தெரியும். அன்று காலை, அப்போது எட்டு மாதக் கைக்குழந்தையாக இருந்த அவள் மகன் பசியில் வீடு அதிரக் கத்தினான். வீட்டில் ரவை தீர்ந்திருந்தது. அப்பா அளந்து மூடிவைத்த டப்பாவிலிருந்து பெரிய டம்ளரில் இரண்டு டம்ளர் ரவையை எடுத்துக்கொண்டு, ஒன்றில் கஞ்சி காய்ச்சி மற்றதை மத்தியானத்துக்கு எடுத்து வைத்தாள். அளவு குறைந்தால் அப்பா தாம்தூம் என்று குதிப்பாரே என்று அந்த இடத்தை ரஸ்க் தூளால் நிரப்பிக் குலுக்கி வைத்தாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ரவை ஊறினால் இறுகும், ரஸ்க் ஊறினால் உடையும் என்பது மீன் பிடிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். கஞ்சி காய்ச்சுகிறவளுக்கு எங்கே தெரியும்?

அன்று மாலையே சொல்லியிருக்க வேண்டும். பயந்தாள். ஒரு வாரத்தில் அவர்களே சேர்ந்துவிடுவார்கள் என்று நினைத்தாள். ஒரு மாதம் போன பிறகு, அவர்கள் பேசிய பேச்சுக்கு முன்னால் இரண்டு டம்ளர் ரவை ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. அப்புறம் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் ஒன்பது வருஷம் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இன்று விட்டால் சொல்லுவதற்கு ஆள் இருக்காது.

கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஃபோனை எடுத்தாள்.

"யாரு?"

"நான்தான் சித்தப்பா."

"எந்த நான்?"

"உங்களுக்கு எத்தனை குட்டி இருக்கு?"

அந்தப் பக்கம் கண்ணாடி அறுக்கிற சத்தம் நின்றது. சித்தப்பாவுக்குக் கண்ணாடிக்கடை.

"அப்பா கெண்டைக்கு உருண்டை போடச் சொல்றாரு. கரைஞ்சு கரைஞ்சு போவுது. முட்டை எத்தனைன்னு சொல்லுங்க."

"அவர் கேக்கச் சொன்னாரா?"

"அவர் கேப்பாரா? நான் கேக்கறேன்." அதற்கு மேல் குரல் உடைந்தது. "நர்ஸ் வந்துட்டுப் போயிட்டாங்க சித்தப்பா. இன்னிக்குத்தான்னு சொல்றாங்க."

 சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதெல்லாம் ஃபோன்ல சொல்ற விஷயமா? மாவு கையில ஒட்டறதப் பாத்துத்தான் சொல்ல முடியும்" என்று வைத்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் சைக்கிள் வந்து நின்றது. சித்தப்பா இளைத்திருந்தார். கடை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், கையில் ஒரு துணிப்பையோடு வந்திருந்தார். பையில் பன்னிரண்டு முட்டை, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றியிருந்தார். அப்பா படுத்திருந்த அறையின் கதவு திறந்துதான் இருந்தது. அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் நேராகச் சமையலறைக்குள் போனார்.

"மாவு எங்க?"

காட்டினாள். ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"குட்டி," என்று சத்தமாகச் சொன்னார், "ரவை பொடியா இருக்குன்னு அவர்கிட்ட சொல்லு."

"குட்டி," என்றது எதிர் அறை, "பொடி ரவைதான் கெட்டியாப் பிடிக்கும்னு அவன்கிட்ட சொல்லு."

"எனக்குக் காது கேக்குதுன்னு சொல்லு."

"கேட்டா சரின்னு சொல்லு."

பத்தடி இடைவெளியில் நின்றுகொண்டு குட்டி யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. முட்டைக் கணக்கு தன்னிடம் இல்லை என்று அப்பாவுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் காலையில் உருண்டை கேட்டிருக்கிறார். தம்பியைக் கூப்பிடு என்று வாயால் கேட்டுவிட்டால் அவர் அப்பாவா?

அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கிற நேரம் வந்தது. உள்ளே போய் முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். கன்னம் ஒட்டிக் கிடந்த அந்த முகத்தைப் பக்கத்தில் பார்த்ததும், இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது. அவர் காதருகே குனிந்து, மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். குழந்தை, கஞ்சி, இரண்டு டம்ளர் ரவை, ரஸ்க் தூள்.

அப்பா அவளையே பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"ரஸ்க்கா?" என்றார்.

"ஆமாப்பா."

அவருடைய வலது தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கையைத் தூக்கிப் படுக்கையில் தட்டினார், ஒரு தடவை, இன்னொரு தடவை. வலி என்று பதறிப்போய்ப் பிடித்தாள். வலி இல்லை. சத்தமே வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். இருமல் வரும்வரை சிரித்தார். வாயைத் துடைத்துவிட்டபோது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவன்கிட்ட சொல்லாத."

"ஏன்ப்பா?"

"என்னை மன்னிக்கலாம்னு வந்திருக்கான். தப்பு என்னுதாவே இருக்கட்டும், வெறுங்கையோட அனுப்பாத."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். களைத்த முகத்தில் அந்தக் கோணல் வாய் இன்னும் நேராகவில்லை.

சமையலறையில் சித்தப்பா முட்டைகளை உடைத்து ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். உள்ளங்கையால் அழுத்தி, மடித்து, திருப்பி, மறுபடி அழுத்தி. மாவு பாத்திரத்தை விட்டுப் பிரிந்து ஒரே கட்டியாக வந்தது. பார்க்கவே நன்றாக இருந்தது.

"பன்னண்டு," என்றார் தலையைத் தூக்காமல். "ஒரு கிலோவுக்கு ஒரு கை மாவு கூட. அதுக்குப் பன்னண்டு முட்டை. கொறையக் கூடாது."

"சரி சித்தப்பா."

"அன்னிக்குக் கொறைஞ்சுது."

எதிர் அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சைக்கிள்ல வர்றப்போ பள்ளத்துல விட்டுட்டேன். நாலு உடைஞ்சுபோச்சு. கடை தொறக்கல, நேரமாயிடுச்சு. எட்டு முட்டைய ஊத்தி மிச்சத்துக்குத் தண்ணி விட்டேன்." மாவைத் தூக்கிப் பலகையில் போட்டார். "அவர் சொன்னது உண்மைதான் குட்டி. கஞ்சத்தனம்னு சொன்னாரு, அது பொய். கொறைஞ்சதுன்னு சொன்னாரு, அது உண்மை. அத்தனை பேருக்கு முன்னால ஒத்துக்க முடியாம நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அம்மாவைப் பத்திக்கூடப் பேசிட்டேன்."

மன்னிக்க வந்தவரில்லை இவர், மன்னிப்பு கேட்க வந்தவர் என்று குட்டிக்கு அப்போதுதான் விளங்கியது. வெறுங்கையோடு அனுப்பாதே என்று அப்பா சொன்ன வார்த்தையும் அவள் நாக்கும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. அப்பா சொன்னதை அரை மணி நேரத்துக்குள் எப்படி மீறுவது?

"உள்ள போய் அவர்கிட்டயே சொல்லுங்க சித்தப்பா. முழிச்சுத்தான் இருக்கார்."

"சொல்லத்தானே வந்தேன். இது வெந்து வரட்டும், ஒரு உருண்டையாவது கையில எடுத்துட்டுப் போறேன். வெறுங்கையோட எப்படிப் போய் நிக்கறது?"

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உருட்டினார்கள். தண்ணீர் கொதித்தது. பத்து உருண்டைகளைச் சித்தப்பா ஒவ்வொன்றாகக் கரண்டியில் இறக்கினார். அடியில் போய் உட்கார்ந்தவை கொஞ்ச நேரத்தில் முழுசாக மேலே மிதந்து வந்தன. ஒன்றுகூட உடையவில்லை. "பாத்தியா?" என்றார், சின்னப் பையன் மாதிரி முகம் மலர்ந்து. குட்டிக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்த வீட்டில் வெகு நாளாக எதுவும் இப்படி ஒழுங்காக வந்ததில்லை.

"அவர நிமித்தி உக்கார வை. இதோ வர்றேன்" என்றார் சித்தப்பா.

குட்டி உள்ளே போனாள். தலையணைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கப்போனவள் அப்படியே நின்றாள். அப்பாவின் தலை அவள் முழங்கைப் பக்கம் சாய்ந்த விதம் வேறு மாதிரி இருந்தது. மூக்கருகே விரலை வைத்தாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கை இன்னும் சூடாகத்தான் இருந்தது.

திரும்புவதற்குள் சித்தப்பா வாசற்படியில் நின்றார். ஒரு சூடான உருண்டையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றிப் பிடித்திருந்தார். அண்ணன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"அண்ணே. அன்னிக்கு எட்டு முட்டைதாண்ணே. நாலு உடைஞ்சுபோச்சு."

 குட்டியால் அவரை நிறுத்த முடியவில்லை. ஒன்பது வருஷம் சுமந்து வந்ததைப் பாதி வாசலில் நிறுத்தி, கேட்பதற்கு ஆள் இல்லை என்று எப்படிச் சொல்வது? அப்பாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா பள்ளத்தைச் சொன்னார், பூட்டிய கடையைச் சொன்னார், தண்ணீர் ஊற்றியதைச் சொன்னார், அம்மாவைப் பற்றிப் பேசியதற்கு நாக்கு அழுகட்டும் என்றார். எல்லாம் சொல்லி முடித்து, பதிலுக்குக் காத்திருந்து, மெதுவாக நிமிர்ந்து பார்த்தார்.

 வெளியே யாரோ பக்கெட்டை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"எப்போ?" என்றார்.

"இப்பத்தான். நான் உள்ள வந்தப்பவே இல்ல."

சித்தப்பா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஏப்ரனைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டார். "கேக்கலையா," என்றார் உள்ளிருந்து, "ஒண்ணுகூடக் கேக்கலையா அவர்." எழுபது வயது மனிதர் அப்படி அழுவதைக் குட்டியால் பார்க்க முடியவில்லை. அப்பா என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று சித்தப்பா அருகில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"சித்தப்பா. முட்டையால இல்ல. ரவையில ரஸ்க் தூளக் கலந்தது நான்தான்."

ஏப்ரன் கீழே இறங்கியது. அவள் முழுவதும் சொன்னாள். 

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"இன்னிக்குத்தான் சொன்னேன். நீங்க மாவு பிசையறப்போ."

"என்ன சொன்னாரு? திட்டினாரா?"

"சிரிச்சாரு."

"பொய் சொல்லாத."

"சத்தியமா. இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சாரு."

சித்தப்பா கட்டிலைப் பார்த்தார். அந்தக் கோணல் வாயை வெகு நேரம் பார்த்தார். உருண்டை அவர் உள்ளங்கையில் ஆறிப்போயிருந்தது.

"எப்படிச் சிரிச்சாரு?"

குட்டி வலது தோளை மட்டும் குலுக்கிக் காட்டினாள். வாயை ஒரு பக்கமாக இழுத்து, சத்தமில்லாமல், கட்டில் ஓரத்தைக் கையால் தட்டினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை.

சித்தப்பா இமைக்காமல் பார்த்தார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவ காட்டு" என்றார்.