மஞ்சள் சட்டை அக்கா

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் கணவர் மக்கீனே சொல்வார். இருக்கட்டும். பேச்சுச் சத்தமில்லாத வீட்டில் என்னால் இரண்டு நிமிஷம் உட்கார முடியாது. அப்படிப்பட்ட என் தலைக்கு மேலேதான் அந்தக் குடித்தனம் வந்து வாய்த்தது.

கண்டிக்குப் பக்கத்தில், கெலிஓயாவில் எங்கள் வீட்டு மேல்மாடியை சிந்துஜாவுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தோம். புருஷன் சுமனுக்குக் கட்டாரில் வேலை. மகள் தனுஷிகாவுக்கு மூன்றரை வயது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை மேலே ஒரே குரல்தான் கேட்கும். டிவியில் பிள்ளைகளுக்குச் சொற்கள் சொல்லிக்கொடுக்கிற மஞ்சள் சட்டை அக்காவின் குரல். "இது மயில். எங்கே, சொல்லுங்க பார்ப்போம்." கீழே ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருக்கும் நானே சில நாள் மயில் என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

சிந்துஜா மட்டும் பேசமாட்டாள். பிள்ளைக்குச் சோறு ஊட்டுவாள், தலை வாருவாள், முத்தம் கொடுப்பாள், எல்லாம் ஊமையாகவே. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன். என்னைக் கதவுக்கு வெளியே கூட்டிவந்து தணிந்த குரலில் சொன்னாள். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வந்து கண்டியில் புடவைக்கடையில் வேலைக்கு நின்ற காலத்தில், அவள் வாயைத் திறந்தாலே மற்றப் பெண்கள் சிரிப்பார்களாம்.

"என் வாயில வர்றதெல்லாம் லயத்துப் பேச்சுக்கா. அது எம்புள்ளைக்கு ஒட்டக் கூடாது. டிவியில நல்ல தமிழ் வருது. அதையே கேட்டு வளரட்டும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் பேச்சில் அப்படி என்ன குறை கண்டார்கள்? திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், காதில் ஏறவில்லை. ஒருமுறை தோட்டத்திலிருந்து அவள் தம்பி நிரோஷன் ஒரு பை நிறைய மரக்கறியோடு வந்தான். மருமகளைக் கண்டதும், "ஏய் குட்டி, மாமா வந்திருக்கேன்டி" என்று கையை நீட்டினான். சிந்துஜா தன் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றாள். அவன் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் படியிறங்கிப் போய்விட்டான். நான் மேலே போனாலும் அதே விரல், அதே உஷ்.

கண்டியில் ஒரு முன்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க நேர்முகத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அங்கே தனக்குப் பதிலாகப் பேசுவதற்கென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். டீச்சர் பட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். மயில், குடை, ஒட்டகம், கப்பல். பிள்ளை மணிமணியாகச் சொன்னது. சிந்துஜா பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அடுத்த அட்டையில் சேலை கட்டிய ஒருத்தி சட்டியில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றது பிள்ளை.

"கெட்டிக்காரி. உங்கட அம்மா எங்க?"

பிள்ளை அந்த அட்டையின் மேலேயே விரலை வைத்தது. டீச்சர் சிரித்துக்கொண்டே சிந்துஜாவைக் காட்டி, அப்போ இது யார் என்று கேட்டார். பிள்ளை திரும்பிப் பார்த்தது. அவளைத் தெரியாமல் இல்லை, அவள் மடியில்தான் போய்ச் சாய்ந்துகொண்டது. ஆனால் எதுவும் சொல்லவில்லை. எத்தனை தடவை கேட்டும் சொல்லவில்லை.

இடம் கிடைத்தது. கூடவே, பிள்ளையைப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்களிடம் காட்டச் சொன்னார் டீச்சர். வீட்டில் இந்தப் பிள்ளையோடு யாரும் கதைக்கிறதில்லையா என்றும் கேட்டார். பேசுவதற்கென்றே போன நான் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறியதிலிருந்து வீடு வந்து சேரும்வரை சிந்துஜா யன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். உள்ளே போனதும் பிள்ளை ஓடிப்போய் டிவியைப் போட்டது. சிந்துஜா அதை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"தங்கம், அம்மாடி நானு. பசிக்குதாடி ஒனக்கு? என்னா வேணும், அம்மாகிட்ட சொல்லுடி. ஏதாச்சும் பேசுடி கண்ணு."

இத்தனை காலம் அடக்கிவைத்த பேச்சு நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. எவ்வளவு அழகாகப் பேசினாள் தெரியுமா. கதவடியில் நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிள்ளை மிரண்டுபோய் அவளையே பார்த்தது. இருட்டாகிப்போன டிவியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, தாய் வைப்பது மாதிரியே, தன் உதட்டில் விரலை வைத்தது.

"உஷ்" என்றது.