மிதக்கும் செல்கள்

கவிழ்த்துவைத்திருந்த வடிநீர்ப் பாட்டிலை எடுத்து முகர்ந்து பார்த்தாள். ப்ளீச்சிங் பவுடர் நாற்றம்.

“அம்மா, இதுல இருந்த தண்ணி எங்க?”

“கொட்டிக் கழுவிட்டேன். தினம் காலைல கொட்டுறதுதானே? நாலு பேரு வர்ற வீடு.”

அப்பாவின் உயிர் போய் முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. அப்பா பிளம்பர். வயிற்றில் சேரும் நீரை வடிக்கக் குழாய் வைத்த அன்று, “மெயின் லைன்லயே லீக்கும்மா” என்று நர்ஸைச் சிரிக்கவைத்தவர். கடைசியாக வடியும் நீர், மகள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு என்று கையெழுத்தும் போட்டிருந்தார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கேள்வி கேட்டே அவளைக் குடைந்துவிட்டார். அவளும் சளைக்காமல் சொன்னாள். குடலில் ஒட்டியிருக்கும் சாதாரண செல், பிடி விட்டுப்போனால் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். அதற்கான கட்டளை அதற்குள்ளேயே இருக்கிறது. புற்றுநோய் செல் அந்தக் கட்டளையைக் காதில் வாங்குவதில்லை. குடல் சுவரைத் தாண்டி வெளியே வந்து வயிற்று நீரில் மிதக்கும். தனியாக அல்ல, புரதக் கைகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, கொத்துக் கொத்தாக. குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையில் கரையேறி, அந்தக் கொழுப்பையே தின்று வளரும்.

“பிடிய முதல்ல விடவெக்கிறது எது?”

“அதுதான்ப்பா முழுசாத் தெரியல.”

“அப்ப என்னுதுல தேடு.”

செல்கள் உயிரோடு வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பது ஆய்வுக்கூட விதி. குழாய் இன்னும் அப்பாவின் வயிற்றில்தான் இருந்தது. கையுறையை மாட்டினாள்.

அண்ணன் குறுக்கே வந்து நின்றான். “போதும் விடுடி. உயிரோட இருந்தப்பவே குத்திக் குத்தி எடுத்தாங்க. இப்பவுமா?”

“அப்பா கேட்டது.”

“வர்றவங்க பாத்தா என்ன நெனப்பாங்க?”

“நெனைக்கட்டும். நகருண்ணா.”

குழாயின் அடைப்பைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தாள். ஊஹூம்.

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “மல்லாந்து படுத்திருந்தா ஒரு சொட்டு வராது. இடப்பக்கம் சாயணும். டேய், இடுப்பப் பிடி.”

அவன் அசையவில்லை. அம்மா தனியாகவே அப்பாவின் தோளுக்கடியில் கை கொடுத்து, நான்கு மாதமாகச் செய்ததுபோல, “கொஞ்சம் திரும்புங்க” என்றாள்.

அண்ணன் குனிந்து இடுப்பைத் தாங்கினான்.

மஞ்சள் நீர் முதலில் சொட்டாக, பிறகு நூலாக இறங்கியது. மூன்று குப்பிகள் நிறைந்தன. ஒவ்வொன்றிலும் எண்ணும் நேரமும் எழுதினாள்.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம். அண்ணன் ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்தான். இரண்டு குப்பிகளை உள்ளே நிறுத்தினாள். மூன்றாவது அவள் உள்ளங்கையிலேயே இருந்தது, வெதுவெதுப்பாக.

“வை,” என்றான் அண்ணன், மூடியைப் பிடித்தபடியே.