நீளமூச்சார் நிறுத்தப்பட்ட மாலை

கதிரவன் மேற்றிசைக் கூரைகளின் பின்னே மெல்லத் தாழ, ஆலைகளின் வாயில்கள் திறந்து பகலெல்லாம் உழைத்த மாந்தரை வெள்ளமெனத் தெருவிலே சொரிய, பாலத்தின்மீது ஊர்ந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் விளக்கேற்றிக்கொள்ள, ஆற்று நீரோ அவ்விளக்குகளை வாங்கிச் சிதறடித்துக் களித்துக்கொண்டிருந்த அந்திவேளை அது. இசைநயம் உணர்ந்த அன்பரே, அவ்வேளையில் நீர் அப்பாலத்தைக் கடந்து, அச்சகத்துக்கும் மருந்துக்கடைக்கும் இடையே நெருங்கிக் கிடந்த சந்தினுள் நுழைந்திருப்பீராயின், முன்னாளில் கூலக் கிடங்காய் இருந்த செங்கற் கூடமொன்றினுள் ஊரே முண்டியடித்துப் புகுவதைக் கண்டிருப்பீர். கதவின்மேல் தொங்கிய கரும்பலகை, "இன்று மாலை வகுப்பு. உள்ளே வருபவர் அனைவரும் மாணவர்" என்று சுண்ணக்கட்டியின் வெண்ணிற எழுத்தில் அறைகூவிக்கொண்டிருந்தது.

கூடம் ஊராட்சிக்கு உரியது. அதனுள் உயிர்த்திருந்ததோ, சுற்றியுள்ள ஏழெட்டு ஊர்களின் இசைப்பித்தர் ஒருங்குகூடி, ஊதியம் ஏதும் கருதாது நடத்திவந்த மன்றம். கடல் பல கடந்து வந்ததும், எழுதி வைத்ததை அப்படியே ஒப்பிக்க மறுத்து நெஞ்சில் எழுவதை எழுந்த கணமே வாசித்துவிடும் துடுக்குடையதுமாகிய ஜாஸ் என்னும் இசையை, சிறாருக்கும் முதியோருக்கும் வேறுபாடின்றிக் கற்பிப்பதும், கற்போரையும் வல்லோரையும் ஒரே மேடையில் ஏற்றி ஊரார்க்குக் கேட்பிப்பதுமே அதன் பணி. அப்பணியின்மேல்தான், நல்ல துணியில் மைக்குடுவை கவிழ்ந்தாற்போல், ஊராட்சியாரின் ஆணையொன்று வந்து விழுந்தது. தம் கட்டடங்களில் வகுப்பு நடத்தலாம், அரங்க நிகழ்ச்சி நடத்தலாகாது. மீறி ஒன்று நடப்பினும் கூடம் அன்றே பூட்டப்படும், வகுப்பும் அதனோடு ஒழியும் என்பது அவ்வாணை.

மன்றத்தின் செயலரும் ஆசிரியையுமாய் இருந்து, ஊராரால் டீச்சர் என்றே அழைக்கப்பட்ட பெண்மணி, அதைப் படித்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"கேக்க ஆளில்லாம இந்தப் பாட்ட எப்படிச் சொல்லிக் குடுக்கறது? கேக்கறவங்களையும் வகுப்புல சேத்துக்குவோம். எவன் வந்து என்ன சொல்றான்னு பாத்துடறேன்."

வண்டிச் சக்கரங்களுக்குக் காற்றடைக்கும் கடை வைத்திருந்தவனும், மாலையில் முழவுகளின் நடுவே அமர்பவனுமாகிய அவர் தம்பி தலையைச் சொறிந்தான்.

"மாட்டினா வகுப்பும் சேந்து போயிடும்க்கா."

"பயந்துட்டு உக்காந்தா மட்டும் என்ன வாழுதாம்?"

இங்ஙனம் பிறந்ததுதான் அக்கரும்பலகை. அன்று மாலை வந்தவரெல்லாம் நான்கெண்ணும் தாளத்தின் இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் கைகொட்டப் பழக்கப்பட்டனர். மழைத்துளிகள் தகரக் கூரையில் முதலில் சிதறி விழுந்து பின் ஒரே தாரையாய் இறங்குவதுபோல் அக்கைத்தட்டல் ஒன்றுபட்டதும், மேடையில் பாட்டுத் தொடங்கிற்று. வளைந்த பித்தளைக் குழலை மார்பில் ஏந்தி முன்னே நின்றவர் டீச்சரின் கணவர். பகலில் அவர் பல் மருத்துவர்; பிறரை வாய்திறந்தபடி வைத்திருந்து தாம் மட்டுமே பேசிப் பழகியவர். குழலை வாயில் வைத்தால் மூச்சு முடிவதே அரிதென்பதால் ஊரார் அவருக்கு நீளமூச்சார் என்று பெயர் சூட்டியிருந்தனர். அதனை அவர் பட்டமாகவே கருதித் திளைத்தார். பாட்டை மும்முறை சுற்றிவந்து தம் கற்பனையை வாசித்தபின் முழவுக்கு வழிவிட வேண்டியது அவர் முறை. ஆயினும் பல்லாண்டாய் அவர் வழிவிட்டதுமில்லை, இல்லறத்தின் அமைதி கருதி டீச்சர் அதைச் சொன்னதுமில்லை.

அவ்வேளையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஊராட்சியின் உரிம அலுவலர் மேடையோரம் வந்து நின்றார்.

"ஏம்மா, யாருக்குக் காது குத்தறீங்க? வகுப்புன்னா ஒருத்தர் தப்புப் பண்ணணும், ஒருத்தர் திருத்தணும். இங்க வாசிக்கறவங்க வாசிக்கறாங்க, கேக்கறவங்க கேக்கறாங்க. இது கச்சேரி. இந்தப் பாட்டு முடியறதுக்குள்ள ஒரு தப்பு, ஒரு திருத்தம், என் கண்ணால பாக்கணும். இல்லன்னா பூட்டிட்டுப் போயிட்டே இருப்பேன்."

முன்வரிசையில் இருந்த அச்சகக்காரர் இதைக் காதில் வாங்கினார்; வேண்டுமென்றே தாளம் தப்பிக் கைகொட்டிவிட்டுத் தம் நெற்றியில் அறைந்துகொண்டார். "ஐயையோ, தப்பாத் தட்டிட்டேன் டீச்சர்."

"நீங்க நடிக்கப் போயிருக்கலாம்" என்றார் அலுவலர்.

டீச்சர் மேடையை நோக்கினார். நீளமூச்சார் கண்மூடி, நான்காம் சுற்றையும் விழுங்கி ஐந்தாம் சுற்றினுள் காலடி வைத்திருந்தார். பின்னே தம்பி, ஓங்கிய குச்சிகளை இறக்கவும் மாட்டாது அடிக்கவும் மாட்டாது, கதவு திறவாத வீட்டின் முன் நிற்கும் விருந்தினன்போல் காத்திருந்தான். பல்லாண்டு கண்டும் காணாதிருந்த பிழை இதோ கண்ணெதிரே நின்றது. சொன்னால் கணவர் ஊர்முன் தலைகுனிவார். சினந்து மேடையை விட்டு இறங்கினால் அனைத்தும் அத்தோடு முடியும். சொல்லாவிடிலோ, நாளை இக்கூடத்தில் எந்தக் குழந்தையும் குழலெடுக்காது. அவர் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க."

கைத்தட்டல் அடங்கிற்று. குழல் பாதி மூச்சில் அறுந்தது. நீளமூச்சார் கண்விழித்தார்.

"என்ன தப்பு? எந்தச் சுரம் தப்பு, சொல்லு பாப்போம்."

"சுரமெல்லாம் சுத்தம். நேரந்தான் உங்களுது இல்ல. மூணு சுத்து உங்களுது. நீங்க அஞ்சுல நிக்கறீங்க. பின்னாடி ஒருத்தன் குச்சியத் தூக்கிட்டு உக்காந்திருக்கான்."

"எனக்குப் பழகிப்போச்சுக்கா" என்றான் தம்பி. "மாமா பல்லப் புடுங்காம விடறாரேன்னு சும்மா இருந்தேன்."

கூடம் சிரித்தது, நீளமூச்சார் முகம் சிவந்தது. தாழ்ந்த குரலில், "இத வீட்ல சொல்லியிருக்கலாமே" என்றார்.

"வீட்ல சொன்னா அது சண்டை. இங்க சொன்னாத்தான் பாடம்."

குழலின் வாரைக் கழற்றுவதற்கென நீளமூச்சாரின் கை தோள்வரை உயர்ந்தது. அது அங்கேயே நிற்க, சுவரோரம் தம் முறைக்கெனச் சிறு குழல்களை மடியில் வைத்து அமர்ந்திருந்த பிள்ளைகளை அவர் கண்கள் ஒருமுறை அளந்தன. பின்னர் அந்தக் கை இறங்கிற்று. மணந்த நாள்தொட்டு மனைவியை அப்படி அழைத்தறியாத அவர் நா, அன்று முதன்முறையாக அழைத்தது.

"சரிங்க டீச்சர். இன்னொரு தடவ வாசிக்கறேன்."

பாட்டு மீண்டும் எழுந்தது. ஒரு சுற்று, இரு சுற்று, மூன்றாம் சுற்று. அதன் இறுதித் தட்டிலே, பெருக்கெடுத்த ஆறு அணை கண்டு நின்றாற்போல், நீளமூச்சார் நின்றார். திறந்துவிடப்பட்ட அவ்விடத்திலே பேரமைதி ஒன்று விரிந்தது. முழவு ஒலிக்கவில்லை.

"உன் முறை வந்தாச்சுடா. எங்க பாக்கற?"

"வரும்னு நம்பலக்கா."

சிரிப்பு கூரையை முட்டிற்று. நீளமூச்சாரும் சிரித்தார். தடுமாறி, தவறி, திருத்தப்பெற்று, மூன்றாம் முயற்சியில் தம்பி தன் முழுச்சுற்றையும் வாசித்தான். இத்தனை ஆண்டு அடக்கிவைத்ததெல்லாம் கன்மழையெனப் பொழிந்தது. அலுவலரின் விரல்கள் தம்மையறியாது மேடை விளிம்பில் தாளமிட்டன.

"சார், ஒண்ணு மூணுல தட்டறீங்க. ரெண்டு நாலுல தட்டணும்."

"நான் மாணவன் இல்லம்மா."

"பலகையப் படிச்சுட்டுத்தான உள்ள வந்தீங்க?"

அலுவலர் தாளமிட்டிருந்த தம் விரல்களை நோக்கினார். "வகுப்புதான்" என்றார் இறுதியில். "அடுத்த வாரமும் வந்து பாப்பேன்."

"வாங்க. வீட்ல பழகிட்டு வாங்க."

அன்பரே, அதன்பின் அக்கூடத்தில் அரங்க நிகழ்ச்சி என ஒன்று நடந்ததேயில்லை. ஊராட்சியாரின் ஆணை எழுத்துப் பிசகாமல் காக்கப்படுகிறது. கிழமைதோறும் வகுப்பே நடக்கிறது, கதவுக்கு வெளியிலும் மாணவர் நிற்குமளவுக்கு. நீளமூச்சார் இன்றும் சில மாலைகளில் தம்மை மறந்து நான்காம் சுற்றில் காலெடுத்து வைப்பதுண்டு. அப்போது டீச்சர் ஒருவர் மட்டுமன்று, கூடம் முழுதும் கையுயர்த்தி அவரை நிறுத்துகிறது. அவரும் நின்று, தலைவணங்கி, வழிவிடுகிறார். வாய்மூடுக என்று ஆணையிடுவோர் எக்காலத்தும் இருப்பர். தம் பிழையைப் பலர்முன் கேட்டு, அதே மேடையில் மீண்டும் வாசிக்கத் துணிந்துவிட்ட மாந்தரை அச்சுறுத்துவதற்கு, அவ்வாணையிடுவோரிடம் இனி எஞ்சியிருப்பதுதான் யாது?