கடைசி மணல்மேடு

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது அண்ணி. கடலில் கால் நனைக்கப் போய், நனைக்காமல் திரும்பியவர். "நீதான் எழுதுறவளாச்சே, கதையிலயாவது கூட்டிட்டுப் போ" என்றார். நான் எழுதுவதைக் கடைசி வரி வரை படிக்கிற ஒரே ஆள். எப்படி மறுப்பது?

2

தொடக்கம்: காட்டின் நிழலில் ஒளி சல்லடையாகச்

[அடித்துவிட்டேன். நிழல் இருந்தது. அது போதும்.]

மறுபடி: அந்தச் சரணாலயத்தில் காட்டைக் கடந்தால்தான் கடல். மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அண்ணிக்கு இதுதான் முதல் பயணம். பாதி வழியில், விழுந்து கிடந்த மரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

[அண்ணியின் திருத்தம்: "உக்காரல. நீ உக்கார வெச்சே."]

"நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

"சொல்லிக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

3

இங்கே வனக்காவலர் வருகிறார். நம்பக் கடினமான பாத்திரம். சரியான நேரத்தில், சரியான வண்டியோடு. ஆனால் வந்தாரே, நான் என்ன செய்ய? கரையொதுங்கும் பிளாஸ்டிக்கை அள்ளுகிற தள்ளுவண்டி. மணலில் புதையாத தடித்த சக்கரங்கள். சாக்கை மடித்து உள்ளே விரித்தார்.

"ஏறுங்கம்மா. காலையிலதான் கழுவினேன்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "என்னைக் குப்பை வண்டியில ஏத்தணும்னு எத்தனை வருஷமா காத்துட்டிருந்தே?"

"உங்க கல்யாணத்தன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

காவலர் அவசரமாகச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

4

நடந்தது இதுதான். பறவைகள் முட்டையிடும் காலம். கடற்கரைக்கு இறங்கும் மரப்பலகைப் பாதையைக் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். மிச்சமிருந்த வழி ஒரு மணல்மேடு. காவலரும் நானும் முட்டி மோதித் தள்ளினோம். ஒவ்வொரு முறையும் வண்டி பாதியில் சறுக்கியது. மேட்டுக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம்.

"கேக்குதே, போதும்" என்றார் அண்ணி.

காவலரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. என் தோளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

5

முடிவு: கடலே மேடேறி வந்து

[கூடாது. முட்டைகள் இருக்கின்றன.]

முடிவு: அண்ணி எழுந்து, வலியே இல்லாமல்

[படித்தால் சிரிப்பார். சிரித்துவிட்டு மூட்டைத் தடவிக்கொள்வார்.]

இருவரால் முடியாததற்கு இன்னொரு ஆள் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

முடிவு: மேட்டடியில் வண்டி. உள்ளே அண்ணி செருப்பைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறார். இடது பிடி காவலரிடம், வலது என்னிடம். கடைசி வரி வரை வந்த இரண்டாவது ஆள் நீங்கள். நன்றி. வண்டியின் பின்பலகையில் கை வைக்க இடம் இருக்கிறது.